அவசரம் என்றால் தேவை: தோர்ணக்கலுக்குப் போன திருநெல்வேலிக்காரர்கள்

தமிழில் 'அவசரம்' என்றால் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட கதை. தெலுங்கில் 'அவசரம்' என்றால் வெறும் தேவை. "நாக்கு அவசரம் லேது" என்று ஒரு தெலுங்கர் சொன்னால், "எனக்கு அது தேவையில்லை" என்று பொருள். நம் ஊர்க்காரர் காதில் அது "ஒன்றும் அவசரமில்லை, மெதுவாகப் பேசிக்கொள்ளலாம்" என்று விழும். வாசலில் நின்று வேதம் சொல்ல வந்தவருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பெரியது. அவர் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்.

மிஷனரி என்றதும் நம் மனதில் வருவது தொப்பி போட்ட வெள்ளைக்காரர். தரங்கம்பாடியில் 1706-ல் கப்பலிலிருந்து இறங்கிய சீகன்பால்க், பாளையங்கோட்டைக்கு 1820-ல் வந்த ரேனியஸ் என்று அந்த வரிசை நீளும். அவர்கள் தமிழ் கற்ற கதை, அச்சடித்த கதை எல்லாம் நமக்கு ஓரளவு தெரியும். ஆனால் தமிழரே மிஷனரியாகி, வேறு மொழிக்காரர்கள் நடுவே போய்ச் சபை நாட்டிய கதை சபை வட்டாரத்துக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை. பண்பாடு தாண்டிப் போகும் வேலையில் என்னென்ன நடக்கிறது, எது பலிக்கிறது, எது சறுக்குகிறது என்று புரிந்துகொள்ள இதைவிடக் கைக்கெட்டிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. போனவர் நம்மவர் என்பதால், அவர் தலையில் புனிதர் வட்டம் வரையவும் வேண்டாம், ஏகாதிபத்தியத்தின் ஏவலாள் என்று ஒரே வரியில் முடித்துவிடவும் முடியாது.

1903 பிப்ரவரி 12-ம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெள்ளாளன்விளை என்ற தேரிக்காட்டு ஊரில் 1874-ல் ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர், அப்போது ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். அதற்கு முந்தைய வருடம் அவர் யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து, கடல் தாண்டி இந்தக் கரையில் தொண்டிப் பக்கம் ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியோ அவர்களைவிடப் பெரிய சபை. முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உண்டாகி நூறு வருடம் கடந்திருந்தது. ஊருக்கு ஊர் கோபுரம் வைத்த ஆலயம், அசனம் என்ற பொது விருந்து, ஸ்தோத்திரப் பண்டிகை எல்லாம் இருந்தன. வெளியே ஒருவரையும் அனுப்பவில்லை. அந்த வெட்கத்தில்தான் சங்கம் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. கேட்க எளிதாக இருக்கிறது. இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே லண்டனில் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் செயலாளராக இருந்த ஹென்றி வென் என்பவர், ஒரு சபை தன்னைத் தானே தாங்கி, தானே ஆண்டு, தானே பரவ வேண்டும், அது நடந்ததும் மிஷன் விலகிக்கொள்ள வேண்டும் என்று எழுதிவிட்டார். எழுதியது அப்படியே கிடந்தது. விலகிக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. சம்பளம் கொடுக்கும் கை அதிகாரத்தையும் சேர்த்தே பிடித்துக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டைக்காரர்கள் அதைப் பணத்திலிருந்தே அவிழ்க்கப் பார்த்தார்கள்: வெளிநாட்டுக் காசு வேண்டாம்.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அடுப்படியிலிருந்து. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து தனி டப்பாவில் போடுவது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளின் வழக்கம். என் ஆச்சி வீட்டில் அது மூடி நசுங்கிய ஒரு பிஸ்கட் தகரம். மாதத்தில் ஒரு நாள் அதைக் கோவிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஏலம் போட்டு, வந்த தொகையைக் காணிக்கையில் சேர்ப்பார்கள். மிசோரத்தில் இதே பிடி அரிசியை 1910-லிருந்து ஒரு பெரிய இயக்கமாகவே வளர்த்து, மிஷனரிகளை அனுப்புகிறார்கள். சோறு பொங்குகிறவர்களுக்கே தோன்றக்கூடிய நிதித் திட்டம் இது. பணம் கைக்கு வராத வீட்டிலும் அரிசிப் பானையில் கை விடுவது பெண்தான் என்பதால், மிஷனின் அடித்தளம் பெண்களின் கணக்கில் இருந்தது. சங்கத்தின் பழைய புகைப்படங்களைப் பார்த்தால் அது தெரியாது. அத்தனையும் மீசைகள்.

இடம் தேடியதில் அகப்பட்டது நிஜாம் சமஸ்தானத்தின் கிழக்குப் பகுதி, வாரங்கல் பக்கத்து மானுகோட்டா வட்டாரம். அங்கே தோர்ணக்கல் ஒரு ரயில் சந்திப்பு. காசிப்பேட்டையிலிருந்து விஜயவாடா போகும் தடத்தில் சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கிளை பிரியும் இடம். இன்று தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் இருக்கிறது. முதலில் சாமுவேல் பாக்கியநாதன் போனார். 1906-ல் முதல் ஞானஸ்நானங்கள் நடந்தன. 1909-ல் அசரியா குருப்பட்டம் பெற்று, ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுவிட்டுத் தானே அங்கே குடியேறினார். ஆரம்பத்தில் கூடாரம், போக்குவரத்துக்கு மாட்டு வண்டியும் சைக்கிளும்.

இப்போது மொழிக்கு வருவோம். தெலுங்கு தமிழுக்கு அக்காள் தங்கை உறவு, ஆறு மாதத்தில் வந்துவிடும் என்று நினைத்துப் போனவர்கள் உண்டு. உறவு நெருங்க நெருங்கத்தான் வம்பு. தமிழ்ச் சீர்திருத்தக் கிறிஸ்தவர் 'ஞானஸ்நானம்' என்பார்; தெலுங்கில் 'பாப்திஸ்மமு'. நாம் சொல்லும் சுவிசேஷம் அங்கே 'சுவார்த்த'. நம் வாயில் ஓயாமல் வரும் 'சபை' தெலுங்கில் பொதுக்கூட்டத்தைக் குறிக்கும். விசுவாசிகளின் கூட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'சங்கமு'. நமக்கோ சங்கம் என்றால் பதிவு எண்ணும் பொருளாளரும் உள்ள சமாச்சாரம். ஆக, பாளையங்கோட்டையில் ஒரு சங்கம் தோர்ணக்கலில் சபை நாட்டப் போய், அங்கே அது சங்கமாகத்தான் முளைத்தது. 'சம்சாரம்' என்று மனைவியைச் சொல்லித் தமிழர் விழித்த இடங்களைச் சொல்லி மாளாது. தெலுங்கில் அது முழுக் குடும்பம்.

மொழிப் பிசகுக்குத் திருத்தம் உண்டு. அகராதியில் இல்லாத ஒன்றும் இருந்தது: சாதி. திருநெல்வேலியிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் நாடார்கள். 1899-ல் சிவகாசியில் கோவில் நுழைவை ஒட்டிக் கலவரம் நடந்து நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. ஊரில் மேல்சாதியாரிடம் இடி வாங்கியவர்கள். அதே சமயம் தங்களுக்குக் கீழே என்று சிலரை வைத்துக்கொண்டவர்கள். ஆனால் தோர்ணக்கலில் 'நாடார்' என்ற சொல்லுக்குப் பொருளே கிடையாது. தெலுங்கு கிராமத்தின் சாதி ஏணியில் இவர்களுக்கு ஒதுக்கிய படி எதுவும் இல்லை. இதில்தான் பண்பாடு தாண்டும் வேலையின் சூட்சுமம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியவருக்கு, சொந்த ஊரில் எதிர்த் தெருவுக்குள் கால் வைக்கத் தடையாக இருந்தது கழன்று விழுந்துவிடுகிறது. அவர் மாலா வாடாவிலும் போய் உட்காரலாம், மாதிகா வாடாவிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம். அதே மனிதர் விடுமுறைக்கு ஊர் திரும்பினால், நான்கு தெரு தள்ளி வாழும் ஒடுக்கப்பட்ட மக்கள் வீட்டில் தண்ணீர் குடித்தாரா என்பது வேறு கேள்வி. அதற்கு இரண்டு விதமான பதிலையும் நான் கேட்டிருக்கிறேன்.

வாடா என்பது ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடியிருப்பு. மாலாக்கள் பெரும்பாலும் வயல் கூலிகள், நெசவும் உண்டு. மாதிகாக்கள் தோல் வேலை செய்கிறவர்கள். செத்த மாட்டை இழுப்பது, தப்பு என்ற தோல் பறையை அடிப்பது அவர்கள் தலையில் கட்டப்பட்டிருந்தது. நிஜாம் சமஸ்தானத்தில் 'வெட்டிச் சாகிரி' என்று ஒன்று உண்டு. தேஷ்முக் என்ற நிலக்கிழார் கூப்பிட்டால், அதிகாரி மூட்டை தூக்கச் சொன்னால், கூலி இல்லாமல் போய்ச் செய்ய வேண்டும். இங்கே ஒரு கிராமத்தான் மதம் மாறுவது என்பது தனி மனிதனின் இரவு நேர மனமாற்றம் மாதிரி நடக்கவில்லை. வாடாவின் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள், மாதக்கணக்கில் இழுக்கும், பிறகு முப்பது நாற்பது குடும்பம் சேர்ந்து வரும். இதைத்தான் கூட்ட மதமாற்றம் என்று சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார்கள். ஆனால் ஒரு குடும்பம் மட்டும் தனியே மாறினால் பெண் கொடுப்பார் இல்லை, பிணம் தூக்க ஆள் இல்லை. சேர்ந்து வருவது அவர்களுக்குப் பாதுகாப்பு.

தெலுங்கு நாட்டில் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. ஓங்கோலில் அமெரிக்கப் பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப் 1860-களில் வேலை தொடங்கியபோது, அவர் பள்ளிக்கூடத்தை நாடி வந்தவர்கள் மேல்சாதி இளைஞர்கள். பிறகு எர்ரகுண்ட்ல பெரியா என்ற மாதிகா தோல் வியாபாரி வந்தார். 1866-ல் ஞானஸ்நானம் பெற்றார். அவர் பின்னால் அவர் உறவுக்காரர்கள் வந்தார்கள். மாதிகாக்கள் வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று மேல்சாதியார் நேராகவே சொல்லிவிட்டார்கள். கிளஃபும் அவர் மனைவியும் வேறு வேறு அறையில் வேதாகமத்தைத் திறந்தபோது இருவர் கண்ணிலும் ஒரே பகுதி, ஞானிகளில் அநேகரில்லை, பிரபுக்களில் அநேகரில்லை என்று பவுல் எழுதிய இடம் பட்டதாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர் மாதிகாக்களோடு நின்றார். உண்மையில் சபையை நாட்டியவர் பெரியாதான். தன் சனங்கள் எந்தச் சந்தையில் கூடுவார்கள், யார் சொன்னால் யார் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அமெரிக்கருக்கு அது ஏழு பிறவியிலும் தெரிந்திருக்காது.

1876-78 தாது வருடப் பஞ்சம் வந்தபோது கிளஃப் பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்து, பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு வேலை கொடுத்தார். கூலிக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாதென்று, பஞ்ச காலம் முழுக்க ஞானஸ்நானத்தை நிறுத்தி வைத்தார். நிவாரணம் முடிந்து கதவைத் திறந்ததும், 1878 ஜூலை 3-ம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் குண்டலகம்மா ஆற்றில் இறங்கினார்கள். தெலுங்குப் போதகர்கள் முறை வைத்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 'சோற்றுக் கிறிஸ்தவர்' என்ற வசவுக்கு இந்தச் சம்பவம் முழுப் பதிலாகிவிடாது. கால்வாய்க் கரையில் ஒரு வருடத்துக்கு மேல் தங்களை மனிதராக நடத்தியவரை அவர்கள் மறக்கவில்லை என்பதும் அந்த 2,222-க்குள் இருக்கத்தான் செய்கிறது. நன்றியைக் கழித்துவிட்டு விசுவாசத்தை மட்டும் தனியே எடை போட எந்தத் தராசு இருக்கிறது?

தோர்ணக்கலிலும் இதே பாட்டைதான். திருநெல்வேலிக்காரர் கதவைத் தட்டினார். உள்ளே போய் உட்கார்ந்தவர்கள் தெலுங்கு உபதேசிகள். அசரியா இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார் என்பது அவருடைய பெரிய கெட்டிக்காரத்தனம். கிராமத்துக்குக் கணவனும் மனைவியுமாக ஒரு உபதேசிக் குடும்பம். பகலில் வாடாவின் குழந்தைகளுக்கு எழுத்து. ஆராதனை ராத்திரியில்தான், ஏனென்றால் கூலிவேலைக்காரர் வயலிலிருந்து திரும்பிச் சோளக் கூழ் குடித்து முடிக்கவே எட்டு மணி ஆகிவிடும். ஒரு அரிக்கன் விளக்கு. எழுத்துத் தெரியாத சனம் என்பதால் எல்லாமே வாய்ப்பாடம்: உபதேசி ஒரு வரி சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்லும். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, இயேசு சொன்ன உவமை எல்லாம் இப்படியே ஏறியது. மேலேயிருந்து வந்த உரைநடையை மறந்துவிடுவார்கள், ராகம் போட்டதை மறக்கமாட்டார்கள். ஆகவே புருஷோத்தம சௌத்ரி போன்றவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிய தெலுங்குக் கீர்த்தனைகள்தான் வாடாவின் இறையியல் நூல்.

அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கு பேய்களையும் ஓட்டாமல் சபை நிற்காது என்பது அசரியாவின் கட்சி. திடப்படுத்தல் ஆராதனையில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கையைத் தங்கள் தலையிலேயே வைத்து, நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ என்று சொல்ல வேண்டும். வெட்டிச் சாகிரி செய்கிறவன் சொல்லும்போது அந்த வாக்கியம் வேறு எடை பெறுகிறது. ஊர் முழுக்க அவனை ஏவிக்கொண்டிருக்க, அவனிடம் ஒரு பொறுப்பு இருக்கிறது, அவன் வாய்ச்சொல்லுக்காக யாரோ காத்திருக்கிறார்கள் என்று முதல்முறையாக ஒருவர் சொல்கிறார்.

1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறக்குறைய 1,200 பேர். அதில் ஆசியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 35 வயது அசரியா மேடையேறி, வெள்ளை மிஷனரிகளும் இந்திய ஊழியர்களும் ஒரே வேலையில் இருந்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காமல் இருப்பதை எடுத்துச் சொன்னார். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். பலருக்கு முகம் சிவந்தது. இன்றும் மிஷன் வரலாறு எழுதுகிறவர்கள் அந்த மாநாட்டில் நினைவு வைத்திருப்பது இந்தக் கடைசி வரியைத்தான்.

1912 டிசம்பர் 29-ம் தேதி கல்கத்தாவில் அவருக்குப் பேராயர் பட்டம் கொடுத்தார்கள். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் முறை. சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் விடாப்பிடியாக நின்று சாதித்தார். எதிர்ப்பும் வந்தது; இந்தியருக்குக் கீழே ஐரோப்பிய மிஷனரி வேலை செய்வதா என்ற முணுமுணுப்பு ஒரு பக்கம். முதலில் கொடுத்த மண்டலம் சின்னது. பின்னால் சுற்றியிருந்த சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. ஆகிய ஆங்கிலிக்கன் மிஷன் சங்கங்களின் தெலுங்குப் பகுதிகளும் சேர, வெள்ளை மிஷனரிகள் அவருக்குக் கீழே வரத்தான் செய்தார்கள். லட்சத்துக்கு மேல் சனம் உள்ள மண்டலமாக அது வளர்ந்தது. வளர்ந்த அளவுக்குப் பள்ளிகளுக்கும் உபதேசிகளுக்கும் லண்டன் மானியமும் தேவைப்பட்டது. இந்தியப் பணம் என்ற முதல் கொள்கை இந்தப் பெருக்கத்தைத் தாங்கவில்லை.

ஆலயங்களைப் பார்த்தாலே ஒரு வித்தியாசம் புரியும். தெலங்கானாவில் மெதக் ஆலயம் 1924 கிறிஸ்துமஸ் அன்று பிரதிஷ்டையானது. ஆங்கிலேய வெஸ்லியன் மிஷனரி சார்ல்ஸ் வாக்கர் போஸ்னெட் கட்டியது. கூர்க்கோபுரம், வண்ணக் கண்ணாடி, நெடிதுயர்ந்த வெள்ளைக் கட்டடம். சுற்றுலாக் கூட்டம் அங்கேதான். தோர்ணக்கல் ஆலயத்துக்குக் கால் நூற்றாண்டு பிடித்து, 1939 ஜனவரி 6-ம் தேதிதான் பிரதிஷ்டை. அதில் மசூதியை நினைவூட்டும் குவிமாடங்கள், கோவில் மண்டபத்தின் தூண்கள். நிஜாம் ஆண்ட தெலுங்கு மண்ணில் ஒரு சபை எப்படி இருக்க வேண்டும் என்று அசரியா கல்லில் சொன்ன பதில் அது. வெள்ளாளன்விளை கோவிலை அவர் அங்கே நகல் எடுக்கவில்லை.

தப்புப் பறை விஷயத்தில் அந்தத் தாராளம் இல்லை. தெலுங்கு மிஷன்களில் பல இடங்களில் மாதிகாவின் தப்பைக் கீழே வைக்கச் சொன்னார்கள். காரணமும் சொன்னார்கள்: அது சாவுக்கு அடிப்பது, ஊர்த் தேவதைக்கு அடிப்பது, அடிமைத்தனத்தின் அடையாளம். முதல் தலைமுறைக்கு அதைக் கீழே வைத்தது விடுதலையாகவே இருந்திருக்கும். பேரப்பிள்ளைகள் தலித் இயக்க மேடைகளில் அதே தப்பை மறுபடி தோளில் மாட்டியபோது, சபை ஆர்மோனியத்தோடு நின்றுகொண்டிருந்தது. கல்தூணைச் சேர்த்துக்கொண்ட சபை தோல் பறையை வெளியே விட்டது, எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இன்னொரு முடிச்சு மாலாவுக்கும் மாதிகாவுக்கும் நடுவே. ஒரே அப்பம், ஒரே பாத்திரம் என்பதில் அசரியா விட்டுக்கொடுக்கவில்லை. திருவிருந்துப் பந்தியில் அது பெரும்பாலும் வென்றது. கலியாணப் பந்தியில் தோற்றது. அமெரிக்கரான டொனால்ட் மெக்கவ்ரன், இதே இந்தியாவில் பிறந்து சத்தீஸ்கர் பக்கம் வேலை செய்தவர், பின்னாளில் இதை ஒரு கோட்பாடாகவே ஆக்கினார். மக்கள் தங்கள் இனம், மொழி, வர்க்கத்தின் எல்லையைத் தாண்டாமல் கிறிஸ்தவராகவே விரும்புகிறார்கள். ஆகவே ஒவ்வொரு இனத்துக்கும் அதன் வழியிலேயே சபை நாட்டுங்கள் என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரி. சபைகள் அப்படித்தான் வேகமாகப் பெருகின. ஆனால் தாண்டாமல் இருப்பதையே திட்டமாக்கினால், எதிர்த் தெருவுக்குப் போகாததற்கு ஒரு இறையியல் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது.

1930-களில் வெளியிலிருந்தும் அடி விழுந்தது. 1935-ல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்த பிறகு, தலித்துகள் எந்தப் பக்கம் போவார்கள் என்பது தேசியக் கேள்வியானது. காந்தி மதமாற்றத்தைக் கடுமையாக எதிர்த்தார். 1936-ல் அமெரிக்க மிஷன் தலைவர் ஜான் மாட்டிடம் பேசும்போது, பசுவுக்குச் சுவிசேஷம் சொல்வீர்களா, தீண்டப்படாதவர்களில் சிலர் புரிந்துகொள்வதில் பசுவைவிட மோசம் என்றே கேட்டார். மாதக்கணக்கில் வாடாவில் கூடிப் பேசி முடிவெடுத்த பெரியவர்களை நேரில் பார்த்தவர் யாரும் இப்படிச் சொல்லத் துணிந்திருக்கமாட்டார். இத்தனைக்கும் அசரியா தேசியத்துக்கு எதிரி கிடையாது. கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்று வெளிப்படையாக வாதிட்டவர். அது சபையை இன்னொரு சாதியாக்கிவிடும் என்பது அவர் பயம்.

சுதந்திரத்துக்குப் பிறகு கணக்குகள் மாறின. பட்டியல் சாதிக்கான 1950-ம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையில் கிறிஸ்தவர்களுக்கு இடமில்லை. ஞாயிறு சபைக்கு வருகிறவர் சான்றிதழில் இந்து மாலாவாகவோ இந்து மாதிகாவாகவோ இருப்பது தெலுங்கு மாநிலங்களில் சகஜம். பெயர்ப் பதிவேட்டில் அவர் ஒருவர், தாசில்தார் அலுவலகத்தில் வேறொருவர். மதத்தைப் பரப்பும் உரிமையை அரசமைப்பின் 25-வது பிரிவு தருகிறது. பரப்பும் உரிமை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் 1977-ல் உச்ச நீதிமன்றம் கோடு போட்டது. ஒடிசாவும் மத்தியப் பிரதேசமும் 1960-களிலேயே மதமாற்றத்துக்கு எதிரான சட்டம் கொண்டுவந்துவிட்டன. பிறகு வந்த மாநிலங்களின் பட்டியல் நீளம்.

இந்தச் சூழலில்தான் தமிழ்நாட்டிலிருந்து இரண்டாவது அலை கிளம்பியது. ஃப்ரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட் போன்ற அமைப்புகள் ஜெபக்குழுக்களாகத் தொடங்கி, 1967-ல் தர்மபுரி மலையில் முதல் பணித்தளம் வைத்து, பிறகு குஜராத்தின் டாங்ஸ் காடுகளுக்கும் ராஜ்மகால் மலையின் மால்டோ மக்களிடமும் போயின. எழுத்தில்லாத மொழிக்கு எழுத்து, வேதாகம மொழிபெயர்ப்பு, காய்ச்சலுக்கு மாத்திரை என்று வேலை ஓடியது. மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்றே டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா என்ற விடுதிப் பள்ளி இருக்கிறது. அப்பா அம்மா வடக்கே, பிள்ளை நெல்லைச் சீமையில். விடுமுறைக்கு ரயிலேறும் அந்தப் பிள்ளைகள் இந்தி கலந்த தமிழும் நெல்லைத் தமிழ் கலந்த இந்தியும் பேசுவார்கள். பெற்றோர் தாண்டிய எல்லைக்குப் பிள்ளைகள் கட்டும் சுங்கம் இது. அறிக்கைகளில் அதற்குப் பத்தி ஒதுக்குவதில்லை.

அசரியா 1945 ஜனவரி 1-ம் தேதி தோர்ணக்கலில் காலமானார். 32 வருடம் பேராயராக இருந்தவர். அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் யாராவது ஒரு தெலுங்கர் என்று நினைப்போம். இல்லை, ஏ.பி. எலியட் என்ற வெள்ளையர். அவருக்கும் அடுத்துத்தான் பி. சாலமோன் வந்தார். ஒரு தமிழர் போய் நாட்டியதைத் தெலுங்கரிடம் கொடுக்க, நடுவில் ஒரு ஐரோப்பியர் தேவைப்பட்டார் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஞாயிறு பள்ளியில் தோர்ணக்கல் வரைபடம் போடச் சொல்வார்கள். ரயில் பாதை, சிங்கரேணி கிளை, மானுகோட்டா எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடுவோம். மாதக் கடைசியில் பிடி அரிசி வாங்க ஒரு அண்ணன் சாக்கோடு வருவார். மேலத்தெரு, நடுத்தெரு, கோவில் தெரு என்று மூன்று தெருவும் சுற்றிவிட்டு, வாய்க்கால் பாலத்தில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டு திரும்பிவிடுவார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தெருவிலும் ஞாயிற்றுக்கிழமை பாட்டுச் சத்தம் கேட்கும். ஒரு தடவை, "அண்ணே, அங்க வாங்க வேண்டாமா?" என்று கேட்டேன். "அவுகளுக்கு வேற சபைல்லா" என்றார். அவர்களும் அதே கீர்த்தனையைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள்.